ஒரு பக்கம் அனல், மறுபக்கம் குளிர்

நேயர்களுக்கு வணக்கம். கோவையில் கார் பட்டறை நடத்துகிறவனை அழைத்து ஹீட்டரைப் பற்றிப் பேசச் சொன்னால் சிரிப்பு வரத்தான் செய்யும். நம் சமவெளியில் அந்தக் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்புகிறவர் யார்? ஆனால் மலை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், திம்பத்துக்கு 27. ஊட்டியோ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; ஜனவரியில் அங்கே புல்வெளியெல்லாம் உறைபனி. ஹீட்டர் நினைவுக்கு வருவது அங்கே போன பிறகுதான். ஊர் திரும்பியதும் எங்களுக்குப் புகார் வரும்: ஓட்டுகிறவர் பக்கம் அனல், பக்கத்தில் இருந்த அம்மிணிக்கோ மலை முழுக்கக் குளிர்.

இதைக் கேட்டதுமே "டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும்" என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. உடனே தலையாட்டிவிடாதீர்கள். அது ஒரு நாள் வேலை. கூலியும் அதற்கேற்றபடிதான் இருக்கும். அதற்கு முன் பானெட்டைத் திறந்து இரண்டு ஹோஸ்களைத் தொட்டுப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

எஞ்சின் சூடேறியதும் அதன் கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், ஏறத்தாழ 90 டிகிரியில் சுற்றிக்கொண்டிருக்கும். அதில் ஒரு பகுதி, கட்டைவிரல் பருமனுள்ள ஒரு ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோருக்குப் போய், இன்னொரு ஹோஸ் வழியாகத் திரும்புகிறது. ஹீட்டர் கோர் என்பது ஒரு குட்டி ரேடியேட்டர்தான். அதன் ஊடே புளோயர் காற்றைத் தள்ளுகிறது. எவ்வளவு காற்று கோர் வழியாகப் போக வேண்டும், எவ்வளவு ஒதுங்கிப் போக வேண்டும் என்பதை ஒரு ஃபிளாப் முடிவு செய்கிறது. இடம், வலம் என இரு பக்கத்துக்கும் தனித்தனி வெப்பநிலை வைக்கும் கார்களில் ஃபிளாப்பும் இரண்டு, அவற்றை அசைக்கும் சிறு மோட்டாரும் இரண்டு. ஆகவே ஒரு பக்கம் மட்டும் சூடு வந்தால், கோருக்குள் கூலண்ட் சரியாக ஓடவில்லை, அல்லது ஒரு ஃபிளாப் நகரவில்லை. பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

உங்கள் காரில் சூட்டுக்கு ஒரே குமிழ்தான் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது ஓட்டத்தைத்தான். கோரில் பாதி அடைத்திருந்தாலோ மேல் பாதியில் காற்று நின்றிருந்தாலோ, சூடான பாதியைக் கடந்த காற்று ஒரு பக்கம் போகும். மறுபக்கத்துக்குக் குளிர்ந்த காற்றுதான் மிஞ்சும். எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, ஹீட்டரை முழுதாக வைத்து, எஞ்சினை நிறுத்திவிட்டு, அந்த இரண்டு ஹோஸ்களையும் தொட்டுத் தொட்டுக் கையை எடுங்கள். அழுத்திப் பிடித்தால் சுடும். இரண்டும் ஏறக்குறைய ஒரே சூடாக இருந்தால் ஓட்டம் சரி. ஒன்று கொதித்து மற்றது வெதுவெதுப்பாக இருந்தால் கோரில் அடைப்பு. சும்மா நிற்கும்போது குளிர்ந்த காற்றும், ஆக்சிலேட்டரை மிதித்தால் சூடான காற்றும் வந்தால் கூலண்ட் குறைந்திருக்கிறது, அல்லது உள்ளே காற்று சிக்கியிருக்கிறது.

குறைந்த கூலண்ட் எங்கே போனது என்றும் பார்க்க வேண்டும். முன்கண்ணாடியில் பிசுபிசுப்பான பனிப்படலம், உள்ளே இனிப்பான ஒரு வாடை, காலடி விரிப்பில் ஈரம் இருந்தால் கோரே ஒழுகுகிறது. அப்போதுதான் டேஷ்போர்டைக் கழற்றுவதில் அர்த்தம் உண்டு.

அடைப்பு எங்கிருந்து வருகிறது? நம் பக்கத்தில் போர்த் தண்ணீரிலிருந்துதான். பல்லடமோ காங்கயமோ, வழியில் கிடைத்த சப்பைத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றிவிடுகிறோம். குளியலறைக் குழாயில் வெள்ளையாகப் பூத்திருக்கும் அதே உப்புதான் கோரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிகிறது. சிறுவாணித் தண்ணீராக இருந்தாலும் குடிக்க வைத்துக்கொள்ளுங்கள், வண்டிக்கு வேண்டாம். கூலண்டும் காய்ச்சி வடித்த நீரும் பொதுவாகப் பாதிக்குப் பாதி. இன்னொரு கைவைத்தியமும் உண்டு: ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடுவது. ஈரோட்டு மஞ்சளின் பெருமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ரேடியேட்டரின் ஓட்டையை அடைக்கும் தூள் கோரின் குழாயையும் அடைக்கும்.

அடைப்பை நீக்க இரண்டு ஹோஸ்களையும் கழற்றி, வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் தண்ணீர் விடுவோம். தோட்டக் குழாயின் வேகமே போதும். வாட்டர் சர்வீஸ் கன்னை வைத்தால் கோர் பிளந்துவிடும். முதலில் துருவும் சேறுமாக வரும். தெளிந்து வரும்வரை விட வேண்டும். பிறகு, வண்டி முழுதும் ஆறியிருக்கும்போது முன்பக்கம் மேடாக நிறுத்தி, மூடியைத் திறந்து கூலண்ட் நிரப்பி, ஹீட்டரை முழுதாக வைத்து, குமிழிகள் அடங்கும்வரை எஞ்சினை ஓட விட வேண்டும். சூடான எஞ்சினில் அந்த மூடியைத் தொடவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் முகத்தில் பாய்ந்துவிடும்.

பழைய கார் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். கோர் ஒழுகினால் மாற்றாமல், இரண்டு ஹோஸ்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிடும் வழக்கம் நம் ஊரில் உண்டு. திருப்பூருக்குள்ளேயே ஓட்டுகிறவருக்கு அது ஆயுசுக்கும் தெரியாது. குன்னூரைத் தாண்டினால் தெரிந்துவிடும்.

ஓட்டம் சரி என்று தெரிந்தால் ஃபிளாப் பக்கம் வரலாம். இரண்டு பக்கமும் உச்ச சூட்டில் வையுங்கள்; பிறகு ஒரு பக்கத்தை மட்டும் அடிமட்டத்துக்கு இறக்குங்கள். அடுத்து மறுபக்கம். எந்தப் பக்கத்துக் காற்று மாறவே இல்லையோ அந்த மோட்டாரில்தான் கோளாறு. சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டுக்குள் 'டக் டக்' என்று ஒரு சத்தம் கேட்டால், பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்து வழுக்குகிறது என்று ஊகிக்கலாம். மோட்டாரை மாற்றிய பின் அதற்கு அதன் எல்லைகளைக் கற்றுக்கொடுக்க வேண்டும். பல வண்டிகளில் அதற்கு ஸ்கேனர் தேவைப்படும். கோடையில் ஏசி போடும்போது மட்டும் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் குளிரவில்லை என்றால், மோட்டாரைத் தொடும் முன் கேஸ் அளவைப் பாருங்கள். கேஸ் குறைந்தாலும் இப்படித்தான் ஆகும்.

மலையிலிருந்து இறங்கும்போது இரண்டு பக்கமும் ஒரேபோல் வெதுவெதுப்பாகிவிட்டால், குறிப்பாக டீசல் வண்டியில், பட்டறைக்கு வர வேண்டாம். கியரில் இறங்கும் எஞ்சின் எரிபொருளை எரிப்பதே இல்லை; அதனால் கூலண்ட் ஆறுகிறது. பர்லியாறு தாண்டிச் சமவெளிக்கு வந்துவிட்டால் உங்களுக்கு ஹீட்டரும் தேவைப்படாது. வணக்கம்.