திறப்பு விழாவுக்கு வந்த அரசுப் பணம் எங்கே போனது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

தனியார் கம்பெனி ஆளைக் குறைத்தால், வேலை போனவர்களுக்கு அரசு பண உதவி செய்ய வேண்டும் என்பது எங்கள் அணியின் வாதம். எதிரணி நண்பர் சற்றுமுன் ஒரு கேள்வி கேட்டார். "தனியார் கம்பெனி லாபம் பார்த்தபோது நமக்குப் பங்கு தந்ததா? அது ஆளைக் குறைத்தால் மட்டும் மக்கள் வரிப்பணத்தை ஏன் தொட வேண்டும்?" கைதட்டலும் வாங்கினார். நானும்தான் தட்டினேன். ஆனால் ஆளைக் குறைக்கும்போதுதான் வரிப்பணம் உள்ளே வருகிறது என்று நினைக்கிறாரே, அங்கேதான் இடிக்கிறது. அது எப்போதோ உள்ளே போய்விட்டது ஐயா!

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா கைபேசி ஆலையை எடுத்துக்கொள்வோம். 2005-இல் தமிழக அரசோடு ஒப்பந்தம், 2006-இல் உற்பத்தி. அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட்டின் நிலம், சிறப்புப் பொருளாதார மண்டலச் சலுகை, கட்டிய வாட் என்ற விற்பனை வரியைத் திருப்பித் தருவது என்று எல்லாம் கிடைத்தன. தனியாருக்கு ஏன் மக்கள் பணம் என்று அன்றைக்கு யாராவது பட்டிமன்றம் வைத்தார்களா? நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்றார்கள். கிடைத்தது, மறுக்கவில்லை. உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். அப்புறம் அரசோடு வரித் தகராறு. அதனால், மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் கைபேசித் தொழிலை வாங்கியபோது இந்த ஆலை அதில் சேரவில்லை. 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றது. அதற்கு முன்பே பெரும்பாலானவர்களை விருப்ப ஓய்வில் அனுப்பியாகிவிட்டது. இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு விருப்ப ஓய்வாம்! யாருடைய விருப்பமோ?

2019-இல் அந்த ஆலையை, கைபேசி சார்ஜர் செய்யும் சால்காம்ப் கம்பெனி வாங்குவதாக அறிவிப்பு வந்தது. கட்டடத்துக்கு ஐந்து வருடத்தில் புது முதலாளி. அந்த ஐந்து வருடமும் அந்தப் பெண்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று எந்த அரசுக் கோப்பாவது கேட்டதா?

"சட்டப்படி நஷ்டஈடு இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. ஆட்குறைப்பு என்றால் வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம். ஆறு வருடம் உழைத்தவருக்கு அந்தக் கணக்கில் மூன்று மாதச் சம்பளம். ஒப்பந்தத் தொழிலாளி அந்த வரிசையில் நிற்கக்கூட முடிவதில்லை, அவரைக் கம்பெனி தன் ஆள் என்றே சொல்லாது.

தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இஎஸ்ஐ-யில், வேலை போனவர்களுக்கு ஒரு திட்டம் 2018-இல் வந்தது: அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. பெயரை மனப்பாடம் செய்வதற்குள் உதவிக் காலம் முடிந்துவிடும், நடுவர் அவர்களே! முதலில் சராசரி ஊதியத்தில் 25 சதவீதம், 2020-இல் அதை 50 ஆக்கினார்கள். அதிகபட்சம் 90 நாள். ஆயுளில் ஒரே ஒரு முறை. அந்தப் பணமும் முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் கட்டிய சந்தாவிலிருந்துதான். சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியிருந்தால் பொதுவாக இஎஸ்ஐ-யே கிடையாது.

காசு கொடுத்தால் சோம்பேறி ஆவார்கள் என்று இன்னொரு நண்பர் பயந்தார். பாதிச் சம்பளத்தில், மூன்று மாதம், வீட்டு வாடகையும் வண்டி இஎம்ஐ-யும் கட்டிக்கொண்டு சோம்பேறியாக இருப்பதற்குத் தனித் திறமை வேண்டும்.

சரி, பணம் எங்கே என்பார்கள். 2019 செப்டம்பரில் கம்பெனி வரியை அடிப்படை 30 சதவீதத்திலிருந்து 22-க்கு இறக்கியபோது, வருடத்துக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் போகும் என்று நிதியமைச்சரே அறிவித்தார். அதற்கு மனம் இருந்தது. கூடுதலாக உற்பத்தி செய்து விற்கும் கம்பெனிகளுக்குத் தரும், உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகைக்கு சுமார் 1.97 லட்சம் கோடி ஒதுக்கினார்கள். அதற்கும் இருந்தது.

நாங்கள் கம்பெனிக்குக் கொடுக்கச் சொல்லவில்லை. ஆறு மாதம், தொழிலாளியின் வங்கிக் கணக்கில், ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சேர்த்து. கூடவே ஒரு பயிற்சி, பக்கத்திலேயே ஆள் எடுக்கிற தொழிலுக்கு. சலுகை வாங்கிவிட்டுக் கிளம்பும் கம்பெனியிடம் அந்தச் சலுகையில் ஒரு பகுதியை வசூலித்தும் இதற்குப் போடலாம். அந்த நிபந்தனையை முதல் நாள் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். எதிரணியின் அடுத்த பேச்சாளர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: வேலைக்காகத்தான் சலுகை என்றால், வேலை போனவருக்கு அதில் பங்கில்லை என்பது எந்த ஊர்க் கணக்கு?