பாம்புக்குப் பால் வார்த்தது யார்?

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியினருக்கும், வெளியே கொட்டுகிற பனியைப் பொருட்படுத்தாமல் பொங்கல் விழாவுக்கு வந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். இன வெறுப்பை எதிர்கொள்ளும் வழியை அறிந்த நாடு, வெறுப்புப் பேச்சைச் சட்டத்தால் தடுக்கும் ஜெர்மனியா, அதையும் பேச அனுமதிக்கும் அமெரிக்காவா என்பது இன்றைய தலைப்பு. அமெரிக்காவே என்று வாதாடும் அணியில் நான் மூன்றாவதாக வந்திருக்கிறேன். எழுதிக்கொண்டு வந்த உரையை மடித்து வைத்துவிட்டேன். எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி சொன்ன ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்லாமல் வேறு எதையும் பேச எனக்கு மனம் வரவில்லை.

“யூதர்கள் வாழும் ஊருக்குள் நாஜிகள் ஊர்வலம் போவதற்கு ஒரு யூத வழக்கறிஞரே வாதாடிக் கொடுத்த நாடு இது, பாம்புக்குப் பால் வார்த்துவிட்டு அதற்குப் பேச்சுரிமை என்று பெயர் சூட்டிய நாடு இது” என்றார் சகோதரி. அரங்கம் அதிரக் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலுக்குப் பின்னால் இருந்த கோபம் நியாயமான கோபம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் சகோதரி கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார். அவர் சொன்ன ஊர் சிகாகோவின் புறநகரான ஸ்கோக்கி. இங்கிருந்து காரில் அரை மணி நேரம். நம்மில் பலர் வாரம்தோறும் அந்த வழியாகத்தான் போய்வருகிறோம். பக்கத்து ஊரின் கதையைப் பாதியில் விடலாமா? மீதியை நான் சொல்கிறேன்.

1977இல் ஸ்கோக்கியில் ஏறத்தாழ 70,000 பேர் வாழ்ந்தார்கள். அவர்களில் சுமார் 40,000 பேர் யூதர்கள். அந்த யூதர்களிலும் சில ஆயிரம் பேர் ஹிட்லரின் வதை முகாம்களிலிருந்தும், யூதர்களை அடைத்துவைத்த கெட்டோக்களிலிருந்தும் உயிர் தப்பி வந்தவர்கள். முகாமில் கையில் பச்சை குத்தப்பட்ட எண்ணோடு மளிகைக் கடைக்குப் போனவர்கள், தையல் கடை வைத்திருந்தவர்கள், தங்கள் பிள்ளைகளிடம்கூட நடந்ததைச் சொல்லாமல் 30 ஆண்டுகள் வாய்மூடி வாழ்ந்தவர்கள். அந்த ஊருக்கு, சிகாகோவின் மார்க்வெட் பூங்காப் பகுதியில் அலுவலகம் வைத்திருந்த ஃபிராங்க் காலின் என்கிற நாஜித் தலைவன், தன் ஆட்களைச் சீருடையிலும் ஸ்வஸ்திகா பட்டையோடும் கூட்டிக்கொண்டு வந்து, ஊராட்சி மன்றத்தின் முன்னால் அரை மணி நேரம் நிற்கப்போவதாக அறிவித்தான். அவனிடம் இருந்தது சில பத்துப் பேர்.

ஊரின் பெரியவர்கள் முதலில் சொன்ன யோசனை, ‘கண்டுகொள்ளாமல் விடுங்கள், வந்துவிட்டுப் போகட்டும்’ என்பதுதான். முகாமிலிருந்து மீண்டவர்கள் அதை ஏற்கவில்லை. ஒரு தடவை கண்டுகொள்ளாமல் இருந்ததன் பலனை அனுபவித்தவர்கள் அவர்கள். ஆகவே ஊர் மூன்று சட்டங்களை இயற்றியது. ஊர்வலம் போக வேண்டுமானால் 3,50,000 டாலருக்குக் காப்பீடு காட்ட வேண்டும். இன வெறுப்பைத் தூண்டும் எதையும் பரப்பக் கூடாது. அரசியல் கட்சியினர் படைச் சீருடை போல உடுத்தி ஊர்வலம் போகக் கூடாது. சகோதரி விரும்பும் ஜெர்மானிய வழி இதுதான். ஓராண்டுக்கு மேல் வழக்கு நடந்தது. கீழ்மன்றம், மேல்மன்றம், இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம், கூட்டாட்சி நீதிமன்றம், வாஷிங்டனில் இருக்கும் உச்ச நீதிமன்றம் வரை போய், முடிவில் அந்தச் சட்டங்கள் செல்லாது என்றாயிற்று. நாஜிகளுக்காக வாதாடியவர் டேவிட் கோல்ட்பர்கர், அவர் யூதர். அவரை அனுப்பிய, குடிமக்களின் உரிமைகளுக்காக வழக்காடும் அமெரிக்கக் குடியுரிமைகள் சங்கத்தின் (ACLU) தலைமை நிர்வாகி ஆரியே நையர், அவரும் யூதர். அதுமட்டுமல்ல, 1937இல் பெர்லினிலேயே பிறந்து, சிறு குழந்தையாக நாட்டைவிட்டுக் கொண்டுசெல்லப்பட்டு, உறவினர் பலரை அந்தக் கொலைகாரர்களுக்குப் பறிகொடுத்தவர். இந்த வழக்கை எடுத்ததற்காக அந்தச் சங்கத்திலிருந்து பல்லாயிரம் உறுப்பினர்கள் விலகினார்கள். நன்கொடை நின்றது. அப்படியும் அவர்கள் வழக்கைக் கைவிடவில்லை.

நடுவர் அவர்களே, இந்த இடத்தில்தான் சகோதரி தம் கதையை முடித்தார். நான் கேட்கிறேன், பெர்லினில் பிறந்த ஒரு யூதருக்கு நாஜி என்றால் யார் என்று தெரியாதா? தெரிந்தும் ஏன் வாதாடினார்? அந்த 3,50,000 டாலரைப் பாருங்கள், காரணம் புரியும். ஸ்கோக்கி நாஜியிடம் கேட்ட அந்தக் காப்பீட்டுத் தொகையை நீதிமன்றம் ஒப்புக்கொண்டிருந்தால், அடுத்த நாளே தென் மாநிலத்து ஊர் ஒவ்வொன்றும் கறுப்பின மக்களின் ஊர்வலத்துக்கு அதே தொகையைக் கேட்டிருக்கும். இது கற்பனை இல்லை. 1961 மார்ச்சில் தென் கரோலினாவின் தலைநகரான கொலம்பியாவில் 187 கறுப்பின மாணவர்கள், நிறவெறிச் சட்டங்களை எதிர்த்துச் சட்டமன்ற வளாகத்தில் அமைதியாக நடந்தபோது, ‘பொது அமைதிக்குப் பங்கம்’ என்று சொல்லித்தான் கைது செய்யப்பட்டார்கள். தேசிய கீதத்தையும் பக்திப் பாடல்களையும் பாடியதற்காக அவர்களுக்குத் தண்டனை. அந்தத் தண்டனையை 1963இல் உச்ச நீதிமன்றம் பேச்சுரிமையைக் காட்டித்தான் நீக்கியது. அலபாமாவில் ஒரு காவல் பொறுப்பாளர், மார்ட்டின் லூதர் கிங்குக்கு ஆதரவாக விளம்பரம் வெளியிட்ட நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைமேல் அவதூறு வழக்குப் போட்டு 5,00,000 டாலர் இழப்பீடு என்று தீர்ப்பு வாங்கினார். 1964இல் அந்தத் தீர்ப்பையும் தகர்த்தது அதே பேச்சுரிமைதான். யாருடைய பேச்சு யாரைப் புண்படுத்துகிறது என்று முடிவு செய்யும் அதிகாரத்தை அரசாங்கத்திடம் கொடுத்தால், அலபாமாவில் அந்த அதிகாரம் யார் கையில் இருந்திருக்கும் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள்.

சகோதரியின் பாம்புக்குத் திரும்புகிறேன். பாம்புக்குப் பால் வார்க்கக் கூடாது என்பதில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பால் எது என்பதில்தான் வேறுபாடு. 1920களின் ஜெர்மனியைப் பாருங்கள். வெறுப்புப் பேச்சுக்கு அங்கே சட்டம் இல்லாமல் இல்லை. யூதர்களை இழிவுபடுத்திப் பத்திரிகை நடத்திய யூலியஸ் ஸ்ட்ரைக்கர் பலமுறை தண்டிக்கப்பட்டான். பெர்லின் காவல்துறையின் துணைத் தலைவராக இருந்த பெர்ன்ஹார்ட் வைஸ் என்னும் யூத அதிகாரியைக் கோயபல்ஸ் தன் பத்திரிகையில் வாரந்தோறும் ‘இசிடோர்’ என்று யூதரைக் கேலி செய்யும் பட்டப்பெயர் வைத்து எள்ளினான். வைஸ் நீதிமன்றம் போனார், ஜெயித்தார். மறுபடி எள்ளினான், மறுபடி போனார், மறுபடி ஜெயித்தார். வழக்குகளில் எல்லாம் வென்ற அந்த மனிதர் 1933இல் உயிருக்குத் தப்பி நாட்டைவிட்டு ஓட நேர்ந்தது. ஹிட்லருக்கே 1925 முதல் பவேரியாவிலும் வேறு சில மாநிலங்களிலும் பொதுக்கூட்டத்தில் பேசத் தடை இருந்தது. அவன் கட்சி என்ன செய்தது? அவன் வாயைக் கட்டிப்போட்டது போலப் படம் வரைந்து, உலகத்தின் 200 கோடி மக்களில் இவர் ஒருவர் மட்டும் ஜெர்மனியில் பேசக் கூடாதாம் என்று சுவரொட்டி ஒட்டியது. அந்தத் தடைதான் ஐயா, அவனுக்கு வார்த்த பால்.

இன்னொரு பாலும் வார்த்தார்கள். 1923இல் மியூனிக் நகரில் ஆயுதத்தோடு ஆட்சியைப் பிடிக்க முயன்று, நான்கு காவலர்கள் உயிரிழக்கக் காரணமாக இருந்த அதே ஹிட்லருக்கு ஐந்து ஆண்டுத் தண்டனை கொடுத்து, ஒன்பது மாதம்கூட முடியாமல் வெளியே விட்டார்கள். சொல்லுக்கு வழக்குப் போட்ட நாடு, செயலை மன்னித்துவிட்டது. பிறகு 1933 பிப்ரவரி 28 அன்று பேச்சுரிமை, பத்திரிகையுரிமை, கூட்டம் கூடும் உரிமை அத்தனையையும் ஓர் அவசர ஆணையால் நிறுத்திவைத்ததும் அவன் ஆட்சிதான். அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் 1969இல் கு கிளக்ஸ் கிளான் என்னும் வெள்ளை இனவெறி அமைப்பின் ஓஹையோ தலைவன் ஒருவனின் வழக்கில் கோட்டைத் தெளிவாகப் போட்டது: கருத்து எவ்வளவு அருவருப்பானதாக இருந்தாலும் அதற்குத் தண்டனை இல்லை, உடனடியாகச் சட்டவிரோதச் செயலில் இறங்கும்படி தூண்டி, அது நடக்கவும் கூடும் என்றால் தண்டனை உண்டு. மிரட்டலுக்கும் தாக்குதலுக்கும் இந்த நாட்டில் உரிமை என்று பெயர் இல்லை.

இன்றைய ஜெர்மனியை நான் குறைவாகப் பேச மாட்டேன். மனிதரின் மாண்பு மீறப்படக் கூடாதது என்று அரசியல் சட்டத்தின் முதல் வரியிலேயே எழுதிவைத்த நாடு அது. கொலையுண்டவர்கள் கடைசியாக விரும்பி வாழ்ந்த வீட்டு வாசலில் அவர்கள் பெயரைப் பித்தளையில் பொறித்த சிறு கற்களைத் தரையில் பதித்திருக்கிறார்கள். நடந்து போகிறவர் அதைப் படிக்கத் தலைகுனிய வேண்டியிருக்கிறது. அதை நினைத்தால் எனக்கும் நெஞ்சு கனக்கிறது. ஆனால் அந்தக் கல்லைப் பதித்தது தடைச்சட்டம் இல்லை, வெட்கப்படத் துணிந்த மக்கள். தடைச்சட்டம் போன திசையைப் பாருங்கள். 2021இல் ஹாம்பர்க் மாநகர அரசின் உள்துறைப் பொறுப்பாளரை ட்விட்டரில் ஒரு கொச்சைச் சொல்லால் திட்டியதற்காகக் காலை ஆறு மணிக்குக் காவலர்கள் ஒரு வீட்டில் புகுந்து சோதனையிட்டார்கள். பின்னர் நீதிமன்றமே அந்தச் சோதனை சட்டத்துக்குப் புறம்பானது என்றது. அது இன வெறுப்புச் சட்டம் அன்று, அவமதிப்புச் சட்டம் என்று சகோதரி சொல்வார். உண்மைதான். ஆனாலும் சொல்லைத் தண்டிக்கப் பழகிய கை, எளியவரைக் காக்கப் புறப்பட்டு அமைச்சரின் மானத்தைக் காப்பதில் போய் நிற்கிறது என்பதும் உண்மைதானே? இரத்தம் இரு நாட்டிலும் சிந்தியிருக்கிறது. 2018இல் பிட்ஸ்பர்க் யூத ஆலயத்தில் 11 பேர். 2019இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் யூத ஆலயக் கதவு தாங்கியதால் உள்ளே இருந்தவர்கள் தப்பினார்கள், வெளியே இருவர் மாண்டார்கள். தடைச்சட்டம் இருந்த நாட்டிலும் அந்தத் துப்பாக்கி வந்து நின்றது.

இப்போது ஸ்கோக்கியின் முடிவு. உரிமையை வென்ற காலின் ஸ்கோக்கிக்கு வரவே இல்லை! 1978 ஜூனில் சிகாகோ நகர மையத்தில் இருபது சொச்சம் பேரோடு நின்றான். எதிர்த்து நின்றவர்கள் ஆயிரக்கணக்கில். சில நிமிடங்களில் முடித்துக்கொண்டு போனான். ஜூலையில் தன் மார்க்வெட் பூங்காவுக்குப் போனான். அந்தப் பூங்காவின் பெயரை மறந்துவிடாதீர்கள். 1966 ஆகஸ்ட் 5 அன்று அதே மார்க்வெட் பூங்காவில், கறுப்பினத்தாருக்கும் வீடு விற்க வேண்டும், வாடகைக்கு விட வேண்டும் என்று கேட்டு நடந்த மார்ட்டின் லூதர் கிங்கின் தலையில் கல் வந்து விழுந்தது. அவர் எழுந்து மேலும் நடந்தார். இரண்டு வாரத்தில் சிகாகோ மாநகராட்சி ‘அமைதி கெடுகிறது’ என்று நீதிமன்றத்தில் அவருடைய ஊர்வலங்களுக்குக் கட்டுப்பாடு வாங்கியது. பேசியவர்மேல் கல்லெறிந்தவர்களால் கெட்ட அமைதிக்கு, பேசியவரைக் கட்டினார்கள். 1968 ஏப்ரல் 3 இரவு, மெம்ஃபிஸ் நகரில், அங்கேயும் ஊர்வலத்துக்குத் தடையாணை வந்திருந்த நிலையில், அவர் தம் கடைசி உரையில் கேட்டது என்ன? பேச்சுரிமை என்று எங்கோ படித்தேனே, கூடும் உரிமை என்று எங்கோ படித்தேனே, காகிதத்தில் எழுதியதற்கு உண்மையாக இருங்கள் என்றுதான் கேட்டார். மறுநாள் கொல்லப்பட்டார். ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 11 அன்று, நிறத்தையோ பிறந்த நாட்டையோ காட்டி வீடு மறுக்கக் கூடாது என்ற சட்டம் கையெழுத்தானது.

இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கும் என் சொந்தங்களே, நீங்களும் நானும் இந்தப் புறநகரில் வீடு பார்க்கப் போனபோது நம் பெயரைக் கேட்டு, நம் நிறத்தைப் பார்த்துக் கதவைச் சாத்தச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அந்தக் கதவுக்காகத்தான் அவர் மார்க்வெட் பூங்காவில் கல்லடி பட்டார்.

ஸ்கோக்கிக்கு வராமல் போன அந்த ஊர்வலம் ஒன்றைச் செய்தது. 30 ஆண்டு வாய்மூடி இருந்தவர்களைப் பேசவைத்தது. 1981இல் அவர்கள் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். மெயின் வீதியில் சின்னக் கடை அளவில் ஒரு காட்சியகம் வைத்தார்கள். பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளிடம் சொன்னார்கள். 1990இல் இந்த யூதப் படுகொலை வரலாற்றைப் பள்ளியில் கட்டாயம் கற்பிக்க வேண்டும் என்று சட்டம் செய்த முதல் மாநிலம் நம் இல்லினாய். 2009இல் அதே ஸ்கோக்கியில் பெரிய அருங்காட்சியகம் திறந்தது.

சென்ற கோடையில் என் பத்து வயது மகளை அங்கே அழைத்துப் போனேன். மீண்டவர்களைப் பல நாள் கேள்வி கேட்டுப் பதிவு செய்து, எதிரில் உட்கார்ந்திருப்பது போலவே ஒளியுருவாகக் காட்டும் அரங்கம் ஒன்று அங்கே உண்டு. நாம் கேட்டால் அவர்கள் பதில் சொல்வார்கள். என் மகள் எழுந்து நின்று, “பாட்டி, உங்கள் வீட்டில் எத்தனை பேர் இருந்தீர்கள்?” என்று கேட்டாள். அந்த அம்மையார் எண்ணிக்கை சொல்லவில்லை. ஒவ்வொரு பெயராகச் சொன்னார். அம்மா பெயர், தம்பி பெயர், அத்தை பெயர். என் மகள் விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தாள். விரல்கள் தீர்ந்த பிறகும் பெயர்கள் தீரவில்லை. வீடு திரும்பும் வழியில், “அந்தப் பாட்டியை யாராவது பேசாதே என்று சொன்னார்களா அப்பா?” என்று கேட்டாள். சொன்னார்கள் அம்மா, அவர் பிறந்த நாட்டில் சொன்னார்கள் என்றேன்.

நடுவர் ஐயா, என் மகள் இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். தீர்ப்பை அவள் காதுபடச் சொல்லுங்கள். வணக்கம்.