ஜன்பத் ஆவணக் காப்பகத்துக்கு வர்றதுக்கு முன்னாடி

வணக்கம் மக்களே. டெல்லி ஜன்பத்துல தேசிய ஆவணக் காப்பகத்துக்கு வெளியில நின்னு பேசறேன். கொள்ளுத்தாத்தா ஒப்பந்தக் கூலியா கப்பல் ஏறினவரு, அவரு பேரு இங்க இருக்கும்னு நம்பி வர்றீங்களா? பேரை வெச்சு இங்க ஆரம்பிக்காதீங்க. உள்ள இருக்கிறது பெரும்பாலும் அரசாங்கத்தோட கடிதப் போக்குவரத்து. ஆள்வாரிப் பட்டியல், அவங்க போய் இறங்கின நாட்டுலதான் இருக்கு. மொரீஷியஸ்னா மோக்காவுல மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட். ஃபிஜின்னா சுவாவுல அவங்க தேசிய ஆவணக் காப்பகம்.

தென்னாப்பிரிக்காவுல இருக்கிற நேட்டாலை எடுத்துக்குங்க. 1860லேருந்து 1911 வரைக்கும் ஒப்பந்தத்துல போன ஒவ்வொருத்தருக்கும் 'காலனி நம்பர்'னு ஒரு பதிவு எண் உண்டு. அங்க இருக்கிற சொந்தக்காரங்ககிட்ட பழைய கல்யாணப் பதிவு, பிறப்புப் பதிவைக் கேட்டு வாங்குங்க, நம்பர் பல சமயம் அதுலயே இருக்கும். அது கைக்கு வந்துட்டா கப்பல் பட்டியல்ல அப்பா பேரு, வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, ஊரு, உடம்புல இருந்த மச்சம் தழும்பு வரைக்கும் ஒரே வரியில கிடைக்கும்.

நம்பர் இல்லாம தேடினா திண்டாட்டம்தான். குமாஸ்தா காதுல விழுந்ததை இங்கிலீஷ்ல எழுதி வெச்சிருப்பாரு. முனுசாமி, முனிசாமி, மூன்சாமி எல்லாத்தையும் போட்டுப் பாக்கணும். இன்னைக்குக் குடும்பப் பேரா இருக்கிறது அன்னைக்கு ஒருத்தரோட சொந்தப் பேரா இருந்திருக்கலாம். அதனால அப்பா பேரு கட்டத்துலயும் தேடுங்க.

ஊருலதான் நிறைய பேரு வழி தவறிடறாங்க. பட்டியல்ல வட ஆற்காடுன்னு இருந்தா உடனே வேலூர், திருவண்ணாமலைன்னு கிளம்பிடாதீங்க. சித்தூர், சந்திரகிரி, பலமநேர் எல்லாம் 1911 வரைக்கும் வட ஆற்காடு ஜில்லாதான்! உங்க ஊரு இப்ப ஆந்திராவுல இருக்கலாம். தாலுகா பேரைப் பாக்காம பஸ் ஏறாதீங்க.

கப்பல் பேரும் வருஷமும் தெரிஞ்சப்புறம் டெல்லிக்கு வாங்க. அதுக்கும் முன்னாடி வீட்டுல இருந்தே இந்தக் காப்பகத்தோட இணையதளமான அபிலேக் படல்ல இலவசமா பதிஞ்சு தேடுங்க. குடியேற்ற விவகாரம் ஒரே துறையில இருந்ததில்ல. 1881லேருந்து வருவாய், விவசாயத் துறை. 1905லேருந்து வணிக, தொழில் துறை. தப்பான துறையில தேடினா ஒண்ணுமே வராது. துறை, 'எமிக்ரேஷன்' கிளை, மாசம், வருஷம், ஆவணம் ஏ வகையா பி வகையா, அந்த ஆவணத்தோட நம்பர் எல்லாத்தையும் அப்படியே குறிச்சுக்குங்க. சீட்டுல அதை எழுதிக் குடுத்தாதான் ஆவணக் கட்டை எடுத்துத் தருவாங்க.

மலேயாவுக்குக் கங்காணி கூட்டிட்டுப் போனவங்களுக்கு இந்த நம்பர் வழி உதவாது. அவங்களுக்கு அங்கத்திய பிறப்பு, இறப்புப் பதிவுலேருந்து பின்னோக்கி வாங்க.