மேபல் நார்மண்ட் என்ற இயக்குநர்

அவையில் உள்ள பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

சாப்ளின் என்றதும் வட்டத் தொப்பி, மூங்கில் கைத்தடி, தொளதொளத்த கால்சட்டை எல்லாம் நம் கண்முன் வந்துவிடுகின்றன. அந்த வேடத்தைப் போட்டுக்கொண்டு அவர் முதன்முதலில் கேமரா முன் நின்ற படத்தை இயக்கியவர் ஒரு பெண். 1914 பிப்ரவரியில் வெளிவந்த ‘மேபல்ஸ் ஸ்ட்ரேஞ்ச் பிரெடிகமெண்ட்’ அந்தப் படம். இயக்கியவரும் நாயகியும் மேபல் நார்மண்ட். அதற்குப் பின் எடுத்த வேறொரு குறும்படம் இரண்டு நாள் முந்தித் திரைக்கு வந்துவிட்டதால், முதல் படம் என்ற பெயரும் இதற்குக் கிடைக்கவில்லை.

அப்போது சாப்ளின் புதியவர். மேபலோ, 1912இல் கீஸ்டோன் என்ற நகைச்சுவைப் பட நிறுவனம் தொடங்கிய நாள் முதல் அதன் நட்சத்திரம். படங்களின் தலைப்பிலேயே அவர் பெயர் இருக்கும்.

அவர் நடிப்பைக் கவனித்துப் பாருங்கள். கீஸ்டோனில் மற்றவர்கள் கையைக் காலை வீசி, கண்ணை உருட்டிச் சிரிப்பு வரவழைக்கிறார்கள். ‘மேபல்ஸ் ஸ்ட்ரேஞ்ச் பிரெடிகமெண்ட்’ படத்தில் மேபல் இரவு உடையில் அறைக்கு வெளியே மாட்டிக்கொண்டு விடுதியின் நடைவழியில் தவிக்கிறார். நமக்குச் சிரிப்பு வருவது அந்தத் தவிப்பு உண்மையாக இருப்பதால்தான். என்னைக் கேட்டால், மௌனப்படத்துக்கு வேண்டிய அடக்கத்தை முதலில் கண்டுகொண்டவர்களில் அவரும் ஒருவர்.

சில வாரங்களில், ‘மேபல் அட் த வீல்’ என்ற கார்ப் பந்தயப் படத்தின் படப்பிடிப்பில் சாப்ளின் தாம் சொன்ன வேடிக்கையைச் சேர்க்க வேண்டும் என்றார். நேரமில்லை என்று மேபல் மறுத்துவிட்டார். சாப்ளின் நடிக்க மாட்டேன் என்று சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார். ஐம்பது ஆண்டுக்குப் பிறகு, 1964இல் வந்த தன்வரலாற்றில், மேபலின் இயக்கும் திறமையை அன்று ஐயுற்றதாகவே எழுதினார். உலகம் அந்த ஒரு தரப்பை மட்டும் படித்தது. மேபல் தம் தரப்பைச் சொல்ல உயிரோடு இல்லை.

1922இல் இயக்குநர் வில்லியம் டெஸ்மண்ட் டெய்லர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அன்று மாலை அவரைச் சந்தித்தவர் என்பதற்காக மேபலைப் பத்திரிகைகள் துரத்தின. அவர்மீது வழக்கு எதுவும் இல்லை. ஆனாலும் பெயர் கெட்டது. 1930இல் காசநோய் அவரைக் கொண்டுபோனது. நாற்பது வயதுகூட ஆகவில்லை.

கல்லூரிகளிலும் திரைப்படச் சங்கங்களிலும் சாப்ளினின் தொடக்ககாலப் படங்களைத் திரையிடும் நண்பர்கள் இங்கே வந்திருக்கிறீர்கள். அடுத்த முறை ‘மேபல்ஸ் ஸ்ட்ரேஞ்ச் பிரெடிகமெண்ட்’ படத்தைப் போடும்போது, அறிவிப்புத் தாளில் ‘இயக்கம்: மேபல் நார்மண்ட்’ என்று பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்.