கடைசி நூறு மீட்டர்: அனா ஃபிடேலியா கிரோட்

அவையோர்க்கு வணக்கம். கியூபாவின் 800 மீட்டர் ஓட்ட வீராங்கனை அனா ஃபிடேலியா கிரோட் என்றதும் பலருக்கும் தீ விபத்துதான் முதலில் நினைவுக்கு வரும். நான் கடிகாரத்திலிருந்து தொடங்குகிறேன்.

சாந்தியாகோ தே கூபா பக்கம் பல்மா சொரியானோவில் 1963இல் பிறந்த அவர், அடிப்படையில் 400 மீட்டர்க்காரர். அதில் அவருடைய சிறந்த நேரம் 49.61 விநாடி. 800 மீட்டரில் முதல் சுற்றை 57 விநாடியில் ஓடினால், அவருக்கு ஏழு விநாடிக்கு மேல் கைவசம் இருக்கும். 400 மீட்டரை 53இல் ஓடுபவருக்கோ அதே 57, தன் எல்லைக்கு வெறும் நான்கு விநாடி தள்ளித்தான். அவருக்குத் தசையில் அமிலம் சீக்கிரம் ஏறும், 600 மீட்டரைத் தாண்டியதும் கால் கனக்கும். கிரோட்டுக்கு அந்த இடத்தில்தான் ஓட்டமே தொடங்கும். 1989இல் பார்சிலோனா உலகக் கோப்பையில் 800 மீட்டரை 1:54.44இல், அதாவது 1 நிமிடம் 54.44 விநாடியில் ஓடினார். வட அமெரிக்க, கரீபியன் வட்டாரத்தில் அதை இன்னும் யாரும் முறியடிக்கவில்லை.

800 மீட்டரில் முதல் வளைவுவரை அவரவர் லேன், பிறகு எல்லோரும் உள்ளே இறங்கலாம். அங்கே இடம் கிடைக்காமல் இரண்டாம் லேனில் ஒரு முழு வளைவை ஓடினால் ஏறத்தாழ 3.8 மீட்டர் கூடுதல், அதாவது அரை விநாடிக்கு மேல். 1991 டோக்கியோ உலகப் போட்டியில் சோவியத் வீராங்கனை லிலியா நுருத்தினோவாவிடம் அவர் தங்கத்தை இழந்தது 0.05 விநாடியில்! கணக்குப் போட்டால் ஒரு முழத்துக்கும் குறைவு.

1984, 1988 ஒலிம்பிக் போட்டிகளைக் கியூபா புறக்கணித்தது. 1988 அவர் உச்சத்தில் இருந்த காலம். அந்த இழப்பை 1992இல் வாங்கிய வெண்கலம் ஈடுகட்டாது என்பதே என் கருத்து.

1993 ஜனவரியில் வீட்டு அடுப்படியில் தீப்பிடித்தது. உடலில் 38 விழுக்காடு வெந்தது. அப்போது அவர் ஏழு மாதக் கர்ப்பிணி. குறைமாதத்தில் பிறந்த குழந்தை தங்கவில்லை.

ஆழமாக வெந்த இடத்தில் ஒட்டிய தோல் வியர்க்காது, அதனால் உடல் சூடு இறங்காது. ஆறும்போது தழும்பு சுருங்கி இழுக்கும். கழுத்திலும் அக்குளிலும் இழுத்தால் கை முழுதாக வீச வராது. கைவீச்சு குறைந்தால் தோள் பக்கவாட்டில் திரும்பும், காலடியின் எட்டு சுருங்கும். சீரான வேகத்தில் ஓடும்வரை இதைச் சமாளித்துவிடலாம். கால் சோர்ந்த கடைசி நூறு மீட்டரில் தாளத்தைப் பிடித்து நிறுத்துவது கைதான். அவருடைய பலமே அந்த நூறு மீட்டர் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அதே ஆண்டு நவம்பரில், போர்ட்டோ ரிக்கோவின் போன்சே நகரில், மத்திய அமெரிக்க-கரீபியன் போட்டியில் களமிறங்கினார். சுரிநாமின் லெட்டீசியா ஃப்ரீஸ்டே முதலில் வந்தார், கிரோட்டுக்கு வெள்ளி. மறுபடியும் மறுபடியும் அறுவை சிகிச்சை, மறுபடியும் பயிற்சி.

1995 கோத்தன்பர்க் உலகப் போட்டி, கிரோட்டுக்குத் தங்கம். முன்னணியில் இருந்த மொசாம்பிக்கின் மரியா முட்டோலா அரையிறுதியில் லேன் கோட்டை மிதித்து வெளியேற்றப்பட்டார். அதை வைத்து இந்தத் தங்கத்தைக் குறைத்துப் பேசுவோர் நேரத்தைப் பார்க்கட்டும்: 1:56.11. இரண்டாவதாக வந்தவர் அதே ஃப்ரீஸ்டே, 1:56.68. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ரஷ்யாவின் மாஸ்தர்கோவாவுக்குப் பின்னால் வெள்ளி. 1997 ஏதென்ஸ் உலகப் போட்டியில், 34 வயதில், 1:57.14இல் மறுபடியும் தங்கம். அங்கே முட்டோலாவும் கடைசிவரை ஓடினார். மூன்றாவதாக வந்தார்.