இந்தத் தூண்கள் எதைத் தாங்குகின்றன? லண்டனின் வினோத வில்லா!

வணக்கம் நண்பர்களே! திரையில் இருக்கும் வீட்டு முகப்பைப் பாருங்கள். நாலு பெரிய தூண்கள், ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு பெண் சிலை. இந்தத் தூண்கள் தாங்குவது கூரையையா? இல்லை. பால்கனியையா? அதுவும் இல்லை. சுவரை விட்டுத் தள்ளி நின்று அந்தச் சிலைகளை மட்டும் தூக்கிக்கொண்டிருக்கின்றன. சுத்த பந்தா!

இது மேற்கு லண்டனில் ஈலிங்கில் இருக்கும் பிட்ஸ்ஹேங்கர் மேனர். பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் கட்டடக் கலைஞர் ஜான் சோன் தனக்காகக் கட்டிக்கொண்டது. 1714 முதல் 1830 வரை வரிசையாக நாலு ஜார்ஜ் ராஜாக்கள் ஆண்டதால் அது ஜார்ஜியன் காலம்; இந்த வீடு அதன் பிற்பகுதி. அவ்வளவுதான், வரலாற்று வகுப்பு முடிந்தது.

சோன் ஒரு கொத்தனாரின் மகன். லண்டனில் வசதியானவர்கள்கூட சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் வசித்த காலத்தில், தோட்டம் சூழத் தனியாக நிற்கும் வில்லா வைத்திருந்தால் அந்தஸ்தே வேறு. 1800இல் 4,500 பவுண்டுக்கு இந்த இடத்தை வாங்கினார். இருந்த வீட்டில் பெரும்பகுதியை இடித்தார். தன் குரு ஜார்ஜ் டான்ஸ் கட்டிய ஒரு பகுதியை மட்டும் தொடவில்லை. அந்த மரியாதை எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, முகப்புக்கு வருவோம். தூண் மேல் சிலை நிறுத்தும் யோசனை ரோமில் உள்ள கான்ஸ்டன்டைன் வெற்றி வளைவிலிருந்து வந்தது. பெண் உருவங்களுக்கு மாதிரி, ஏதென்ஸின் எரெக்தியான் கோயில். அங்கே பெண்களே தூணாக நின்று கூரையைச் சுமக்கிறார்கள். இங்கே தூண்கள் பெண்களைச் சுமக்கின்றன. இரண்டாயிரம் வருடம் கழித்தாவது ஓய்வு கிடைத்ததே!

கொஞ்சம் ஜூம் செய்கிறேன். துணி மடிப்பு எவ்வளவு கூர்மையாக இருக்கிறது பாருங்கள். இது செதுக்கிய கல் இல்லை, சூளையில் சுட்டது! பெயர் கோட் கல். 1769இல் லாம்பெத் பகுதியில் நொடித்துப்போயிருந்த ஒரு தொழிற்சாலையை எலினார் கோட் என்ற பெண் எடுத்து நடத்தி, ஊரே தேடி வரும் தொழிலாக்கினார். களிமண்ணோடு சிக்கிமுக்கிக் கல் பொடி, மணல், கண்ணாடித் தூள், அதோடு ஏற்கெனவே ஒருமுறை சுட்டுப் பொடித்த மண். சூட்சுமமே அந்தக் கடைசிப் பொருள்தான். பச்சை மண் சூளையில் சுருங்கி வெடிக்கும். சுட்ட மண் மறுபடி அவ்வளவாகச் சுருங்காது. அதனால் ஆள் உயரச் சிலைகூட முழுசாக வெளியே வரும். நாலு நாள் சீராக எரிய வேண்டும், நெருப்பு ஏறி இறங்கினால் போச்சு. அச்சு வெல்லம் மாதிரி ஒரே அச்சில் எத்தனை வேண்டுமானாலும் அழுத்தி எடுக்கலாம், செலவும் குறைவு. 1784இல் விலை போட்டு கேட்லாக்கே வெளியிட்டார் அம்மையார்! வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தருகே நிற்கும் 1837ஆம் வருடத்துச் சிங்கமும் இதே கல்தான். லண்டன் புகையையும் பனியையும் தாண்டி இன்னும் பிடரி மயிர் தெளிவாகத் தெரிகிறது.

உள்ளே காலை உணவு அறையின் கூரையில் மேகங்களோடு வானம் வரைந்திருக்கிறது. வெளியே இன்னும் வேடிக்கை: வீட்டுக்குப் பக்கத்திலேயே ரோமானியக் கோயில் இடிந்து கிடப்பதுபோல் புத்தம் புதிதாக இடிபாடுகள் கட்டி, விருந்தினர்களைக் குழப்பினார் மனிதர்.

இத்தனையும் மகன்கள் இருவரும் கட்டடக் கலைஞர்களாக வேண்டும் என்ற ஆசையில். பசங்க மசியவில்லை. 1810இல் வீட்டை விற்றுவிட்டார். பிற்பாடு பொது நூலகமாகி, பழுதுபார்ப்புக்குப் பின் 2019இல் பொதுமக்கள் பார்க்க மறுபடி திறந்தார்கள்.

அந்தக் குடும்பச் சண்டைக்குத் தனி வீடியோ வேண்டுமென்றால் கமெண்டில் சொல்லுங்கள். இளைய மகன் 1815இல் அப்பாவின் கட்டடங்களைப் பெயர் போடாமல் பத்திரிகையில் கிழித்ததும், அப்பா அந்தக் கட்டுரைகளைச் சட்டம் போட்டு மாட்டி வைத்ததும் அதில் வரும்!