காடை சூப்பும் கிரியாட்டினினும்

நேயர்களுக்கு வணக்கம். சிறுநீரக நோயாளிகளுக்கு உணவுமுறை சொல்வது என் வேலை. போன மாதம் ஒரு பெரியவர் மகனோடு வந்திருந்தார். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் அவர் ரத்தத்தில் 2.4; இயல்பைவிட அதிகம். ஆட்டுக்கறியை நிறுத்தி ஆறு மாதமாகிறதாம். "அதுக்குப் பதிலா தினமும் காடை சூப்பும்மா. அதுலதான் கொழுப்பே கிடையாதே!" என்றார். மகன் தலையைக் குனிந்துகொண்டார். காடை வாங்கிக் கொடுத்தது அவர்தான்.

கொழுப்பு குறைவு என்பது சரிதான். காடை, முயல், மான் எல்லாமே ஓடியாடித் திரிகிற இனங்கள். சதை அதிகம், கொழுப்பு கம்மி. இதயத்துக்கு அது நல்லது. சிறுநீரகம் பார்க்கும் கணக்கு வேறு: புரதத்தின் கழிவையும், மிஞ்சும் பாஸ்பரஸ், பொட்டாசியத்தையும் வெளியேற்ற வேண்டியது அதுதான். தோல் நீக்கிய காடைச் சதை 100 கிராமில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது. பாஸ்பரஸ் 300 மில்லிகிராமை ஒட்டி வரும். கோழியின் நெஞ்சுக்கறியைவிட அதிகம்.

பெரியவர் எடை 60 கிலோ. டயாலிசிஸ் நிலைக்குப் போகாதவர். கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் என்று வைத்தால் நாளொன்றுக்கு 48 கிராம். சோறு, இட்லி, பருப்பு, மோர் என்று அன்றாடச் சாப்பாட்டிலேயே 30 கிராம் போல வந்துவிடுகிறது. மிச்சத்துக்கு அரைக் காடை போதும், அதுவும் தினமும் வேண்டாம். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குப் புரதம் கூடுதலாகத் தேவை, கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை. அவர்கள் முழுக் காடையே சாப்பிடலாம். யூரிக் அமிலம் ஏறி மூட்டு வீங்குகிறவர்கள் மட்டும் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது சூப்புக்கு வருகிறேன். கறி கொதிக்கக் கொதிக்க அதிலுள்ள பொட்டாசியமும் பாஸ்பரஸும் தண்ணீரில் இறங்கிவிடும். ஆகவே சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அப்புறம் சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு போட்டுக் கொஞ்சம் எண்ணெயில் பிரட்டினால் போதும். உப்பு மிகக் கொஞ்சமாக. சோடியம் குறைத்த உப்பு என்று விற்கிறார்களே, அதில் பொட்டாசியம் இருக்கும்; அந்தப் பக்கமே போகாதீர்கள். சாலையோரக் கடையில் சிவக்கச் சிவக்கப் பொரித்துத் தொங்கும் காடையும் வேண்டாம். மசாலாவில் ஊறும்போதே உப்பு உள்ளே போய்விடுகிறது.

நம் பெரியவர் செய்தது நேர் எதிர். வெந்த கறியைப் பேரனுக்குக் கொடுத்துவிட்டு, சாறு முழுவதையும் இவர் குடித்திருக்கிறார்.

"காட்டு முயல் கிடைச்சா நல்லதாமே?" என்றும் கேட்டார். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி அதை வேட்டையாடுவது குற்றம். வேட்டைக்கு அனுமதியுள்ள நாடுகளில்கூட, ஈயக் குண்டு பட்ட கறியில் ஈயத் துகள்கள் தங்கிவிடுவதுண்டு. ஈயம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பண்ணையில் வளர்த்த நாமக்கல் காடை, நந்தனம் காடை, வெள்ளை முயல் இருக்கும்போது காட்டு முயல் எதற்கு?

எல்லாம் கேட்டுவிட்டு எழுந்தவர், வாசல்வரை போய்த் திரும்பினார். "அப்போ அந்தத் தண்ணிய என்ன பண்றது?"

"பேரனுக்குக் கொடுங்க ஐயா."

"அவன் மிளகு போட்டா குடிக்கமாட்டானே" என்றார், கவலையாக.